கேரவனில் மூன்று நான்கு இரவுகள்: ஓசை குறைந்த மின்சாரத்துக்கு எதை வாங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், மின் இணைப்பு இல்லாத முகாம் இடங்களில் மூன்று நான்கு இரவுகள் தொடர்ந்து தங்க நினைக்கிறீர்கள், 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ், எல்.இ.டி. விளக்குகள், எரிவாயு ஹீட்டர், கூரையில் 13,500 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஆகியவை அதில் இருக்கின்றன. உங்கள் கணவர் தூங்கும்போது, மூச்சு தடைபடாமலிருக்க முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் கருவி ஓடியாக வேண்டும். பக்கத்தில் தங்கியிருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்காத, மிகவும் அமைதியான ஜெனரேட்டர் எது என்று கேட்டிருக்கிறீர்கள். கேரவன்களின் மின்னமைப்பைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. உங்கள் பட்டியலைப் படித்தவரை, நீங்கள் தேட வேண்டியது மிக அமைதியான ஜெனரேட்டரை அன்று. இரவில் ஜெனரேட்டரையே ஓட்டத் தேவையில்லாத ஓர் ஏற்பாட்டை. கூரை ஏசி மட்டும் இதற்கு விலக்கு. அதைப் பிறகு தனியாகப் பார்ப்போம்.

முதலில் டெசிபல் எண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விளம்பரங்களில் ஆளை ஏமாற்றுவது பெரும்பாலும் அந்த எண்தான். டெசிபல் என்பது மடக்கை அளவு. 10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஓசை ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கும். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகும்போது சுமார் 6 டெசிபல் குறையும். ஆகவே எத்தனை மீட்டர் தொலைவில், எவ்வளவு சுமையில் அளந்தார்கள் என்று சொல்லாத டெசிபல் எண்ணால் ஒரு பயனும் இல்லை. நல்ல நிறுவனங்கள் 7 மீட்டர் தொலைவில் அளந்த எண்ணைத் தருகின்றன. ஆனால் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடுவது கால் பங்குச் சுமையில் அளந்ததை. ஹோண்டா ஈயூ2200ஐ ஜெனரேட்டருக்குக் கால் சுமையில் 48 டெசிபல் என்றும், முழுச் சுமையில் 57 டெசிபல் என்றும் அந்நிறுவனமே குறிப்பிடுகிறது. நீங்கள் ஏசியை ஓட்டும்போது கேட்கப்போவது பெரும்பாலும் இரண்டாவது எண்தான். விலை குறைந்த, உறையில்லாத பழைய வகை ஜெனரேட்டர்கள் அதே தொலைவில் 65 முதல் 75 டெசிபல் வரை இரைவது வழக்கம்.

அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர் தொலைவில் 60 டெசிபலைத் தாண்டும் இயந்திரங்களை ஓட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. மேலே சொன்ன ஹோண்டா முழுச் சுமையிலும் அந்த வரம்புக்குள் எளிதாக அடங்கிவிடும். ஆனால் விதிக்குள் இருப்பது வேறு, அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது வேறு. காற்றில்லாத இரவில் காட்டுப்புறத்தின் பின்னணி ஓசை 30 டெசிபலுக்கும் கீழே இறங்கிவிடும். 15 மீட்டரில் 42 டெசிபலாகக் கேட்கும் ஜெனரேட்டர் அந்த அமைதியில் நன்றாகவே காதில் விழும். இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கமான டெசிபல் அளவீடு, மனிதக் காதின் இயல்பை ஒட்டி, தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளைக் குறைத்து மதிப்பிடுகிறது. புகைப்போக்கியிலிருந்து வரும் அந்த அடித்தொண்டை உறுமல்தான் கேரவனின் மெல்லிய சுவரைத் தாண்டி உள்ளே வருவது. எண் ஒன்றாகவே இருக்கும் இரு இயந்திரங்களில் ஒன்று எரிச்சலூட்டுவதும் மற்றது மறந்துபோவதும் இதனால்தான். முடிந்தால் வாங்கும் முன் சுமையோடு ஓடவிட்டு, இருபது தப்படி தள்ளி நின்று கேளுங்கள்.

பழைய வகை ஜெனரேட்டர் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் தருவதற்காக ஒரு விளக்கு எரிந்தாலும் நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றியே ஆகவேண்டும். இன்வெர்ட்டர் வகையில் இயந்திரத்தின் வேகத்துக்கும் வெளிவரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கும் தொடர்பில்லை. உற்பத்தியாகும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, பிறகு மின்னணுச் சுற்று அதைச் சீரான மாறுமின்னோட்டமாக மாற்றித் தருவதால், சுமை குறையும்போது இயந்திரமும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே ஜெனரேட்டர் என்று ஒன்று வாங்கினால் அது இன்வெர்ட்டர் வகையாகத்தான் இருக்கவேண்டும். இதில் எனக்கு ஐயமே இல்லை.

இனி உங்கள் தேவையைக் கணக்கிடுவோம். கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ், வெயிலைப் பொறுத்து, ஒரு நாளைக்கு 400 முதல் 700 வாட்-மணி வரை எடுக்கும்; 500 என்று வைத்துக்கொள்கிறேன். விளக்குகளுக்கு 50. தண்ணீர்ப் பம்புக்கு 20 போதும். கைப்பேசிகளும் ஒரு மடிக்கணினியும் சேர்ந்து 150. சிபாப் கருவியை, காற்றை ஈரமாக்கும் நீராவி வெப்பமூட்டி இல்லாமல், எட்டு மணி நேரம் ஓட்டுவதற்கு 280 என்று சற்றுக் கூடுதலாகவே வைத்துக்கொள்கிறேன். வெப்பமூட்டியையும் சூடான குழாயையும் போட்டால் இது இரு மடங்கையும் தாண்டலாம். கூட்டிப் பார்த்தால் 1000 வாட்-மணி, நாம் ஒரு யூனிட் என்று சொல்வது. குளிர் இரவானால் ஹீட்டரும் சேரும். எரிவாயுவில் எரிகிறது என்பதால் அதற்கு மின்சாரம் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் விசிறி மட்டும் சுமார் 90 வாட் எடுக்கிறது, இரவில் மொத்தம் நான்கு மணி நேரம் சுழன்றாலே 360 வாட்-மணி போய்விடும். இவை என் அனுபவத்தில் வரும் நடுத்தர எண்கள். ஃப்ரிட்ஜும் ஹீட்டரும் வெளித் தட்பவெப்பத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறுபவை. சிபாப் எடுக்கும் மின்சாரம் அதில் மருத்துவர் அமைத்திருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது.

இந்தக் கணக்கு கையில் இருந்தால், கடையில் பளபளக்கும் 'பவர் ஸ்டேஷன்' பெட்டிகளை, அதாவது பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றாக அடங்கிய பெட்டிகளை, சரியாக எடைபோடலாம். ஈகோஃப்ளோ டெல்டா 2 போன்ற பெட்டியின் கொள்ளளவு 1024 வாட்-மணி. உள்ளே இருக்கும் இன்வெர்ட்டரின் இழப்பு போக, மாறுமின்னோட்டமாக உங்கள் கைக்கு வருவது அதில் சுமார் 85 விழுக்காடு, அதாவது 870. உங்களுக்கு ஒரு நாளைக்குக்கூட அது போதாது. 2 கிலோவாட்-மணி அளவுள்ள பெட்டியானால் 1700 வாட்-மணி கிடைக்கும். அதைவிடச் சிறியதை நீங்கள் பார்க்கவே வேண்டாம் என்பேன். வாங்கும்போது உள்ளே இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மின்கலம்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய லித்தியம் அயான் வகைகள் பல நூறு முறை மின்னேற்றியதும் தளர்ந்துவிடும் இடத்தில், இது ஆயிரக்கணக்கான முறை தாங்கும். தீப்பிடிக்கும் அபாயமும் குறைவு. எடை மட்டும் கூடுதல்: 2 கிலோவாட்-மணிப் பெட்டி 20 கிலோவை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். இந்தப் பெட்டிகள் முற்றிலும் ஓசையற்றவை என்பதும் சரியில்லை. அதிகச் சுமையிலும் வேகமாக மின்னேற்றும்போதும் உள்ளிருக்கும் விசிறிகள் சுழலும்; படுக்கைக்குப் பக்கத்தில் வைத்தால் அது தெரியும். மெதுவாக மின்னேற்றும் அமைப்பு இருக்கும் பெட்டி என்றால் அந்தத் தொல்லை பாதியாகும்.

பெட்டியே வாங்காமல் கேரவனில் ஏற்கெனவே உள்ள ஈய-அமில பேட்டரியை எடுத்துவிட்டு, 100 ஆம்ப்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் இரண்டை வைப்பது மற்றொரு வழி. உங்கள் நிலையில் நான் அதையே செய்வேன். இரண்டும் சேர்ந்து 2560 வாட்-மணி. உங்கள் ஃப்ரிட்ஜ், விளக்கு, பம்ப், ஹீட்டர் விசிறி எல்லாம் 12 வோல்ட்டில் ஓடுபவை; அவற்றுக்கு இன்வெர்ட்டர் இழப்பே கிடையாது. பவர் ஸ்டேஷன்களிலும் 12 வோல்ட் வெளியீடு உண்டு, ஆனால் சிகரெட் லைட்டர் வடிவிலுள்ள அந்தத் துளை பெரும்பாலும் 10 ஆம்ப், அதாவது 120 வாட்டோடு நின்றுவிடும். ஹீட்டர் விசிறியும் பம்பும் ஒரே நேரத்தில் ஓடினால் அது தாங்காது. பழைய 100 ஆம்ப்-மணி ஈய-அமில பேட்டரியையோ, அதன் ஆயுள் கெடாமலிருக்கப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால், 600 வாட்-மணி என்றுதான் கொள்ளவேண்டும்.

ஈய-அமிலத்தில் இன்னொரு குறையும் உண்டு, அமைதியைத் தேடும் உங்களுக்கு அதுதான் முக்கியம். அந்த பேட்டரி 80 விழுக்காடு வரை ஓரளவு விரைவாக நிறையும். கடைசி 20 விழுக்காட்டுக்கு மின்னோட்டத்தை மிகக் குறைத்துக்கொண்டு பல மணி நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் ஜெனரேட்டர் ஏறக்குறைய வெறுமனே இரைந்துகொண்டிருக்கும். லித்தியம் பேட்டரியோ நிறையும் தறுவாய் வரைக்கும் முழு மின்னோட்டத்தையும் வாங்கிக்கொள்கிறது. உங்கள் ஒரு நாள் தேவையான 1000 வாட்-மணியை, சுமார் 1000 வாட் தரக்கூடிய மின்னேற்றி ஒன்று, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுதில் ஏற்றிவிடும். காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு, முகாமில் எல்லோரும் விழித்து நடமாடும் வேளையில் அந்த ஒரு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டி நிறுத்திவிட்டால் யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. அந்த வேளையில் 48 டெசிபலா 52 டெசிபலா என்பது பெரிய விஷயமாகவும் இராது. பேட்டரியை மாற்றும்போது, வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றி பேட்டரியை மின்னேற்றும் கேரவனின் பழைய கன்வெர்ட்டரையும் பார்க்கவேண்டும். லித்தியத்துக்குத் தேவையான 14.4 வோல்ட் அளவை அது தராவிட்டால் பேட்டரி ஒருபோதும் முழுதாக நிறையாது. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை மின்னேற்றக் கூடாது என்பதையும் மறக்கவேண்டாம். தரமான பேட்டரிகளில் உள்ள பாதுகாப்புச் சுற்று அதைத் தானே தடுத்துவிடும், அதனால் பேட்டரிக்குக் கேடில்லை. ஆனால் பனி பெய்த காலையில் மின்னேறவில்லையே என்று நீங்கள் திகைக்கக்கூடும். பேட்டரியைக் கேரவனுக்குள்ளே வைத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

ஒருவேளை பவர் ஸ்டேஷனே வாங்கினீர்கள் என்றால், கேரவனின் 30 ஆம்ப் வடத்தை அதில் செருகும் முன் உள்ளே போய் மூன்று சுவிட்சுகளைப் பாருங்கள். முதலாவது கன்வெர்ட்டரின் பிரேக்கர். அதை அணைக்காவிட்டால், பவர் ஸ்டேஷன் தரும் மின்சாரத்தைக் கொண்டு கேரவன் தன் சொந்த பேட்டரியை மின்னேற்றத் தொடங்கும். ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி, வழியில் கணிசமான பகுதியை வெப்பமாக இழப்பதுதான் மிச்சம். அதை அணைத்தபின் 12 வோல்ட் கருவிகள் கேரவனின் பேட்டரியிலிருந்து மட்டுமே எடுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இரண்டாவது வெந்நீர்க் கொதிகலனின் மின்சார வெப்பமூட்டி. சில கேரவன்களில் இது எரிவாயு சுவிட்சிலிருந்து தனியாக, கொதிகலனின் வெளிப்பக்க மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 1400 வாட் எடுக்கும் அது யாருக்கும் தெரியாமல் எரிந்துகொண்டிருக்கலாம். மூன்றாவது ஃப்ரிட்ஜ். உங்களுடையது 12 வோல்ட் கம்ப்ரஸர் என்பதால் கவலை இல்லை. எரிவாயுவிலும் மின்சாரத்திலும் மாறி ஓடும் பழைய வகையைத் தானியங்கி நிலையில் விட்டால், வடத்தைச் செருகியதும் அது எரிவாயுவை விட்டு மின்சாரத்துக்குத் தாவி 300 வாட்டுக்கு மேல் தொடர்ந்து இழுக்கும். "புதுப் பெட்டி ஒரே இரவில் காலியாகிவிட்டது, பழுது போலிருக்கிறது" என்று என்னிடம் கொண்டுவரப்படும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் பழுது எதுவும் இருப்பதில்லை. இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

இப்போது ஏசி. 13,500 பிடியூ கூரை ஏசி ஓடும்போது 1300 முதல் 1500 வாட் எடுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் அந்தக் கணத்தில் அதன் பல மடங்கு. 2200 வாட் ஜெனரேட்டர் ஒன்று அந்தத் திடீர்ச் சுமையில் திணறி நின்றுவிடுவது சாதாரணம். ஏசிக்குள் 'சாஃப்ட் ஸ்டார்ட்டர்' என்னும் சிறு கருவியைப் பொருத்தினால் கிளம்பும் மின்னோட்டம் பாதிக்கும் கீழே இறங்கும், பெரும்பாலான ஏசிகள் அப்போது கிளம்பிவிடும். பெரும்பாலான என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஏசியின் வயது, அன்றைய வெயில், நீங்கள் இருக்கும் உயரம் மூன்றும் முடிவை மாற்றக்கூடியவை. உயரம் ஒவ்வொரு 300 மீட்டர் கூடும்போதும் இயந்திரத்தின் திறன் ஏறக்குறைய 3.5 விழுக்காடு குறைகிறது. 2000 மீட்டர் உயரத்தில், தொடர்ந்து 1800 வாட் தரக்கூடிய ஜெனரேட்டர் 1400 வாட்டுக்கு அருகில் வந்துவிடும். அங்கே சாஃப்ட் ஸ்டார்ட்டர் இருந்தும் ஏசி ஓடாமல் போகலாம். ஒரே வகை ஜெனரேட்டர்கள் இரண்டை இணைத்து ஓட்டுவது இதற்கு ஒரு வழி; ஒரே அளவு இரையும் இரு இயந்திரங்கள் சேர்ந்தால் ஓசை 3 டெசிபல்தான் கூடும், ஒவ்வொன்றும் குறைந்த சுமையில் மெதுவாக ஓடுவதால் அந்தக் கூடுதலும் ஓரளவு ஈடாகிவிடும்.

இரவு முழுவதும் ஏசி வேண்டும் என்றால் பேட்டரிக் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. எட்டு மணி நேரத்தில் கம்ப்ரஸர் பாதி நேரமே ஓடினாலும் 5.6 கிலோவாட்-மணி வேண்டும். 2 கிலோவாட்-மணிப் பெட்டிகளில் மூன்றுக்கு மேல். அடுத்த பகலில் அதை நிரப்புவது அதைவிடப் பெரிய வேலை. ஆகவே ஏசி இன்றியமையாத வெயில் காலத்தில் மின் இணைப்புள்ள முகாமுக்குப் போவதே மேல் என்று வாடிக்கையாளர்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன். விற்பவன் சொல்லக்கூடாத ஆலோசனைதான்.

சோலாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 200 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 600 வாட்-மணி தரும் என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் 1000 வாட்-மணித் தேவையில் 400 மட்டும் பேட்டரியிலிருந்து போகும். நான்கு நாளைக்கு ஜெனரேட்டரைத் தொடவே வேண்டியிராது. ஆனால் நல்ல முகாம் இடம் என்பது மர நிழலில் இருப்பது. ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே பேனலின் உற்பத்தி மளமளவென்று சரியும். கூரையில் பதிப்பதைவிட, நீண்ட வடத்தோடு வெயில் விழும் இடத்துக்கு எடுத்துப்போய் வைக்கும் மடக்குப் பேனல் உங்களுக்குப் பொருந்தும். பேனல்களைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் கூடும், குளிர்ந்த காலையில் இன்னும் கூடும். பெட்டியின் உள்ளீட்டு வோல்ட் வரம்பை அது தாண்டினால் உள்ளே இருக்கும் சுற்று எரிந்துபோகலாம்.

ஜெனரேட்டர் விஷயத்தில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேரவனிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைப்போக்கி உங்கள் சன்னலையும் அடுத்தவர் சன்னலையும் பாராதபடி வையுங்கள். கேரவனுக்குள் வேலை செய்யும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கவேண்டும், அதற்கும் காலாவதித் தேதி உண்டு. ஓசையைக் குறைக்கிறேன் என்று மரப்பெட்டி செய்து ஜெனரேட்டரை மூடிவைப்பவர்களைப் பார்க்கிறேன். காற்றோட்டம் அடைபட்டு இயந்திரம் கொதித்துவிடும், தீப்பிடிக்கவும் கூடும். அதைவிட அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு, திறந்த மண்ணில் வைப்பது பாதுகாப்பானது. லாரியின் தகரத் தளத்தில் வைத்தால் தளமே பறையாகிவிடும். சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டரைக் கேரவனில் செருகியதும் உங்கள் மின்பாதுகாப்புக் கருவி 'எர்த் இல்லை' என்று மின்சாரத்தை உள்ளே விடாமல் தடுத்தால் பதறவேண்டாம். இவ்வகை ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் எர்த்தும் உள்ளே இணைக்கப்படாமல் இருப்பதே காரணம். அதற்கென்றே இணைப்புச் செருகி விற்கிறார்கள். வீட்டு மின்சாரத்தில் மட்டும் அதை ஒருபோதும் செருகாதீர்கள்.

மெத்தனாலில் இயங்கும் எரிபொருள் கலங்களும் இருக்கின்றன. ஈஃபோய் என்ற பெயரில் ஐரோப்பியக் கேரவன்களில் காணலாம். ஓசை மிகக் குறைவு, ஒரு கிலோவாட்-மணிக்கு 0.9 லிட்டர் மெத்தனால்தான் செலவு. ஆனால் விலை மிக அதிகம், எரிபொருள் அந்நிறுவனத்தின் குப்பிகளில்தான் வாங்கவேண்டும். மாதக்கணக்கில் காட்டிலேயே இருப்பவர்களுக்கு அது சரி.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: 200 ஆம்ப்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 200 வாட் மடக்குப் பேனல், நிழலும் மழையும் உள்ள நாட்களுக்காக 2000 வாட் அளவில் ஒரு சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். சிபாப் கருவிக்கு அதைத் தயாரித்த நிறுவனமே விற்கும் நேர்மின்னோட்ட வடத்தை வாங்கினால், பேட்டரி மின்சாரத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டரை இரவில் அணைத்துவிடலாம். சுமையே இல்லாதபோதும் இன்வெர்ட்டர் 10 முதல் 30 வாட் வரை தின்றுகொண்டிருக்கும். நீராவி வெப்பமூட்டி இல்லாமல் உங்கள் கணவர் தூங்கலாமா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்லவேண்டும், நான் சொல்ல முடியாது. எதையும் வாங்குவதற்கு முன், கேரவனை வீட்டு வாசலிலேயே நிறுத்தி, வெளி மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, ஃப்ரிட்ஜும் சிபாப்பும் ஓட ஓர் இரவு உள்ளே தூங்கிப் பாருங்கள். மாலையும் காலையும் பேட்டரியின் வோல்ட் அளவைக் குறித்து, பேட்டரியின் வயதையும் கூரை ஏசியின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்ப் எண்களையும் சேர்த்து இங்கே எழுதினால், மேலே நான் போட்ட நடுத்தரக் கணக்கை உங்கள் வண்டிக்கு ஏற்பத் திருத்தித் தருகிறேன்.